எடின்பரோவில் நாட்டார் இசை கேட்க: புதிதாக வந்த மாணவருக்கு

எடின்பரோவுக்குப் படிக்க வந்தவர் காதில் முதலில் விழுவது ராயல் மைல் தெருவோரத்தில் கில்ட் கட்டிக்கொண்டு ஒருவர் ஊதும் பேக்பைப்பாகத்தான் இருக்கும். நின்று கேளுங்கள், பிடித்திருந்தால் சில்லறை போடுங்கள். ஆனால் இந்த ஊர் இசை இவ்வளவுதான் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். அது சுற்றுலா வந்தவர்களுக்கானது. ஊர்க்காரர்கள் தங்களுக்காக வாசித்துக்கொள்ளும் இசை ஜார்ஜ் சதுக்கத்திலுள்ள பல்கலைக்கழக நூலகத்திலிருந்து பத்து நிமிட நடையில், பப்களின் மூலை மேசைகளில் நடக்கிறது. அனேகமாக எல்லா இரவும் நடக்கிறது, டிக்கெட்டும் கிடையாது.

அதனால் தேடிக் கண்டுபிடிப்பதில் கஷ்டம் ஒன்றும் இல்லை. உள்ளே போனபின் எங்கே உட்காருவது, எப்போது வாய் திறக்கலாம், குடிக்காதவன் என்ன கேட்டு வாங்குவது என்பதெல்லாம் தெரியாமல்தான் நம் பிள்ளைகள் பலர் கதவருகே கால் மணி நேரம் நின்றுவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். இந்தக் கட்டுரை பெரும்பாலும் அதைப் பற்றித்தான்.

போவதற்கு முன்னால் ஒரு அட்டை

ஸ்காட்லாந்தில் மது விற்கும் இடங்கள் எல்லாவற்றிலும் 25 வயதுக்குக் குறைவாகத் தெரிபவரிடம் வயதுச் சான்று கேட்க வேண்டும் என்பது சட்டம். உங்களுக்கு 24 ஆனாலும் கேட்பார்கள். முகத்தைச் சுளிக்காதீர்கள். பல்கலைக்கழக அடையாள அட்டை இதற்குச் செல்லாது. பாஸ்போர்ட் செல்லும், ஆனால் அதை இரவில் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு அலைவது புத்திசாலித்தனம் இல்லை.

யங் ஸ்காட் அட்டை என்று ஒன்று இருக்கிறது. ஸ்காட்லாந்தில் குடியிருக்கும் 26 வயதுக்குட்பட்டவர்கள் விண்ணப்பித்து இலவசமாகவே வாங்கலாம். அதில் உள்ள வயதுச் சான்று முத்திரையைப் பப்களில் ஏற்றுக்கொள்கிறார்கள். உங்களுக்கு 22 நிரம்பவில்லை என்றால் அதே அட்டையில் நாடு முழுக்கப் பேருந்துப் பயணமும் இலவசம். 2022 ஜனவரியிலிருந்து இந்தத் திட்டம் நடக்கிறது. வந்த முதல் வாரத்திலேயே விண்ணப்பித்துவிடுங்கள். முதுகலைக்கு வருபவர்களில் பலருக்கு பஸ் சலுகை கைகூடாது, ஆனாலும் வயதுச் சான்றுக்காக வாங்கி வைக்கலாம்.

மூன்று பப்கள்

ஃபாரஸ்ட் சாலையில் சாண்டி பெல்ஸ். தேசிய அருங்காட்சியகத்தையும் கிரேஃபிரையர்ஸ் பாபி நாய்ச் சிலையையும் பார்த்திருப்பீர்கள். அங்கிருந்து கூப்பிடு தூரம். குறுகலான நீண்ட அறை, ஒரு பக்கம் முழுக்க மதுக்கூட மேடை. உள்கோடி மூலையில் ஃபிடில் (நம் வயலின்தான்), விசில் குழல், அக்கார்டியன், கிடார் என்று ஐந்தாறு பேர் மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து வாசித்துக்கொண்டிருப்பார்கள். இதற்குப் பெயர் செஷன். கச்சேரி மேடை இல்லை, பார்வையாளரை நோக்கி நாற்காலி போடும் வழக்கமும் இல்லை. பாதி பேர் உங்களுக்கு முதுகைத்தான் காட்டுவார்கள். அது அவமதிப்பு அல்ல, அவர்கள் தங்களுக்குள் வாசிக்கிறார்கள், அவ்வளவுதான்.

அந்தப் பப்பில் ஹேமிஷ் ஹென்டர்சனின் மார்பளவுச் சிலை இருக்கும், பாருங்கள். கவிஞர், பாட்டுச் சேகரிப்பாளர், 1919இல் பிறந்து 2002இல் மறைந்தவர். எடின்பரோ பல்கலைக்கழகம் 1951இல் ஸ்காட்டிஷ் ஆய்வுப் பள்ளியைத் தொடங்கியபோது அதில் சேர்ந்து, ஒலிப்பதிவுக் கருவியைச் சுமந்துகொண்டு ஊர் ஊராகப் போனார். பிளேர்கவ்ரி பக்கம் பெர்ரி பறிக்கும் காலத்தில் கூடாரம் அடித்துத் தங்கும் நாடோடி மக்களிடம் உட்கார்ந்து அவர்கள் பாட்டுகளைப் பதிவு செய்தார். அபர்டீனில் ஜீனி ராபர்ட்சன் என்ற மகத்தான பாடகியை 1953இல் வெளியுலகம் அறியச் செய்தவரும் இவர்தான். சாண்டி பெல்ஸ் அவருடைய வாடிக்கை இடம். அதே ஃபாரஸ்ட் சாலையிலுள்ள ஆட்ஃபெலோஸ் ஹாலில் 1951இல் அவர் கூட்டிய பாட்டுக் கூட்டத்தை அமெரிக்காவிலிருந்து வந்த நாட்டார் பாட்டுச் சேகரிப்பாளர் ஆலன் லோமாக்ஸ் பதிவு செய்தார். ஸ்காட்லாந்தின் நாட்டார் இசை மறுமலர்ச்சியைப் பற்றிப் பேசுபவர்கள் அந்த இரவிலிருந்துதான் தொடங்குவார்கள். நீங்கள் தினமும் வகுப்புக்கு நடக்கும் வழிதான் அது.

இரண்டாவது, இன்ஃபர்மரி தெரு முனையில் ராயல் ஓக். சவுத் பிரிட்ஜிலிருந்து திரும்பினால் முதல் கட்டடம். தெருமட்டத்து அறை நம் வீட்டு வரவேற்பறை அளவுதான். இருபது முப்பது பேர் வந்தாலே நிரம்பிவிடும். சாண்டி பெல்ஸில் வாத்தியம் முந்தும், இங்கே பாட்டு முந்தும். ஒருவர் கிடாரோடு ஆரம்பிப்பார், பல்லவி வந்ததும் மதுக்கூடத்தில் நிற்பவர் உட்பட அறையே சேர்ந்து பாடும்.

மூன்றாவது, பல்கலைக்கழகத்தின் ஓல்ட் காலேஜ் கட்டடத்துக்குத் தெற்குப் பக்கம், சவுத் காலேஜ் தெருவில் கேப்டன்ஸ் பார். இதுவும் சின்னது, இதுவும் பாட்டுக்கு. மூன்றுக்கும் இடையே நடந்தே போய்விடலாம். ஒன்றில் நிற்க இடமில்லை என்றால் அடுத்ததற்குப் போங்கள்.

எந்தக் கிழமை, எத்தனை மணிக்கு, யார் வாசிக்கிறார்கள் என்பது மாறிக்கொண்டே இருக்கும். அந்தந்தப் பப்பின் சமூக ஊடகப் பக்கத்தில் அந்த வாரத்து விவரம் போடுவார்கள். வாசலில் கரும்பலகையிலும் எழுதியிருக்கும். வார இறுதியில் பிற்பகலிலும் செஷன் உண்டு. டிசம்பரில் மாலை மூன்றே முக்கால் மணிக்கே இருட்டிவிடும் ஊரில் அந்தப் பிற்பகல் செஷன் பெரிய ஆறுதல். இரவுப் பேருந்துக் கவலையும் இல்லை.

என் யோசனை: மூன்றையும் ஒருமுறை பார்த்துவிட்டு ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். அப்புறம் ஒரே பப், ஒரே கிழமை. பெரும்பாலான செஷன்களை ஒவ்வொரு கிழமையும் குறிப்பிட்ட இரண்டு மூன்று பேர் பொறுப்பெடுத்து நடத்துகிறார்கள். ஒரே கிழமை போனால் ஒரே முகங்கள். மூன்றாம் நான்காம் முறை நீங்கள் வரும்போது தலையசைப்பார்கள், அதற்கப்புறம் பெயர் கேட்பார்கள். ஊரெல்லாம் சுற்றி ஒவ்வொரு வாரமும் புது இடம் தேடுகிறவருக்கு இது நடக்காது.

உள்ளே போனதும்

முதலில் மதுக்கூட மேடைக்குப் போய் ஏதாவது வாங்குங்கள். இசைக்குக் கட்டணம் இல்லாததால் பப் பிழைப்பது இந்த வியாபாரத்தில்தான். குடிக்காதவர்கள் கூச்சப்பட ஒன்றுமே இல்லை. லைம் சோடா கேட்கலாம், இஞ்சி பியர் கேட்கலாம் (பெயரில்தான் பியர், பெரும்பாலும் மது இல்லாதது, இருந்தாலும் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்), ஆரஞ்சு நிறத்தில் இருக்கும் உள்ளூர் அபிமானமான ஐர்ன் ப்ரூ கேட்கலாம். மேசையில் உட்கார்ந்து யாராவது வந்து கேட்பார்கள் என்று காத்திருக்காதீர்கள், இங்கே நாம்தான் போய்க் கேட்க வேண்டும். வரிசை கண்ணுக்குத் தெரியாது, ஆனால் வரிசை உண்டு. யார் உங்களுக்கு முன் வந்தார் என்பது பக்கத்தில் நிற்கும் எல்லோருக்கும் தெரியும். குழாய்த் தண்ணீர் கேட்டால் இலவசமாகக் கொடுத்தாக வேண்டும், ஸ்காட்லாந்து உரிமச் சட்டத்தில் அப்படி இருக்கிறது. அதற்காக இரவு முழுக்கத் தண்ணீரிலேயே ஓட்டிவிடாதீர்கள்.

அடுத்து நாற்காலி. வாசிப்பவர்கள் மேசையைச் சுற்றிக் காலியாகத் தெரிகிற நாற்காலி காலி நாற்காலி அல்ல. தாமதமாக வரும் ஃபிடில்காரருக்கு அது. அதற்கு ஒரு வரிசை தள்ளி உட்காருங்கள் அல்லது நில்லுங்கள். தரையில் கிடக்கும் வாத்தியப் பெட்டிகளை நகர்த்தாதீர்கள், ஈரக் கோட்டை அவற்றின் மேல் போட்டுவிடாதீர்கள்.

வாத்தியங்கள் ஒலிக்கும்போது மெல்லப் பேசலாம், யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள். ஒருவர் தனியாகப் பாட ஆரம்பித்தால் பேச்சை நிறுத்த வேண்டும். ராயல் ஓக்கில் பாட்டின் நடுவே கிசுகிசுத்தால்கூடப் பக்கத்து மேசை திரும்பிப் பார்க்கும். கைதட்டல், நிறுத்தாமல் கோத்து வாசிக்கும் மெட்டுகளின் தொகுப்பு ஒன்று முடிந்தபின். நடுவில் தாளம் தட்டாதீர்கள். நமக்குச் சபாவில் தொடையில் தாளம் போட்டுப் பழக்கம் இருக்கலாம். இங்கே சத்தமில்லாமல் கால்விரலால் போட்டுக்கொள்ளுங்கள், மேசையில் தட்டினால் வாசிப்பவருக்கு இடைஞ்சல்.

தெரிந்த பாட்டைச் சொல்லி வாசிக்கக் கேட்பது, அதிலும் சினிமாவில் கேட்டதைக் கேட்பது, வேண்டாம். வீடியோ எடுக்க ஆசை வந்தால் ஒரு தொகுப்பு முடிந்ததும் கேளுங்கள். பெரும்பாலும் சரி என்பார்கள். கேட்காமல் முகத்துக்கு நேரே போனை நீட்டுவதுதான் எரிச்சல்.

என்ன கேட்கிறோம்

முதல் அரை மணி நேரம் எல்லாம் ஒரே மெட்டு போலத் தோன்றும். கொஞ்சம் கணக்குத் தெரிந்தால் பிடிபட்டுவிடும். மெட்டு ஒன்றுக்குப் பொதுவாக இரண்டு பகுதி, பகுதிக்கு எட்டுத் தாள அளவு (நம் ஆவர்த்தனம் மாதிரி), ஒவ்வொரு பகுதியும் இரண்டு முறை. அதாவது ஒரு சுற்று முடிய 32 அளவு. அந்தச் சுற்றை இரண்டு மூன்று முறை வாசித்துவிட்டு நிறுத்தாமல் அடுத்த மெட்டுக்குத் தாவுவார்கள். இப்படி மூன்று மெட்டுகள் கோத்தது ஒரு தொகுப்பு, அதைத்தான் 'செட்' என்கிறார்கள்.

நடை என்று பார்த்தால் நமக்கு வசதி. ஜிக் என்பது தகிட தகிட என்று மூன்று மூன்றாக ஓடும். ரீல் என்பது தகதிமி தகதிமி, அதிவேகம். ஸ்ட்ராத்ஸ்பே ஸ்காட்லாந்துக்கே உரியது. குட்டி ஸ்வரம் முன்னால் வெட்டிக்கொண்டு வர, நீண்டது பின்னால் வரும். ஃபிடில் வில்லின் அந்தச் சொடுக்கைக் கையைப் பார்த்தாலே தெரிந்துகொள்ளலாம். தாளக் கட்டுக்குள் இறுக்காமல் தனியாக நிதானமாக வாசிப்பது ஸ்லோ ஏர். அது வரும்போது அறை தானாகவே அமைதியாகிவிடும்.

கவனித்துப் பார்க்க வேண்டியது மெட்டு மாறும் இடம். மூன்றாவது சுற்றின் கடைசியில் செட்டை நடத்துபவர் வில்லை நிறுத்தாமலே தலையைத் தூக்கி மேசையை ஒரு சுற்றுப் பார்ப்பார், சில சமயம் 'ஹப்' என்று ஒரு சத்தம். அடுத்த அளவில் சுருதியே மாறியிருக்கும். மெட்டு தெரிந்தவர்கள் அந்த நொடியே சேர்ந்துகொள்வார்கள், தெரியாதவர்கள் வாத்தியத்தை மடியில் வைத்துக் காது கொடுப்பார்கள். எழுதி வைத்து வாசிப்பது அபூர்வம், எல்லாம் காதுவழி.

பேக்பைப்பையும் இங்கே பார்ப்பீர்கள், ஆனால் தெருவில் ஊதுவது அல்ல, அதைச் சின்ன அறையில் ஊதினால் காது போய்விடும். ஸ்மால்பைப் என்ற சாதுவான வகை. வாயால் ஊதுவதில்லை, முழங்கைக்கு அடியில் கட்டிய துருத்தியை அமுக்கிக் காற்று ஏற்றுவார்கள். நாயனத்துக்கு ஒத்து மாதிரி ஆதார சுருதி அடியில் இழைந்துகொண்டே இருப்பதால் நம் காதுக்கு உடனே ஒட்டிக்கொள்ளும்.

செட் முடிந்ததும் "அந்த இரண்டாவது மெட்டுக்கு என்ன பெயர்?" என்று கேளுங்கள். வாசித்தவர்களுக்கே தெரியாமல் போவதும் உண்டு. அதிலிருந்து பேச்சு வளரும். வீட்டுக்கு வந்து 'தி செஷன்' என்ற இணையதளத்தில் பெயரைத் தேடினால் மெட்டின் குறிப்பும் மாற்று வடிவங்களும் கிடைக்கும். பழைய குரல்களைக் கேட்க 'தோபார் அன் துவல்கஷ்' என்று ஸ்காட்லாந்தின் பழைய மொழியான கேலிக்கில் பெயர் கொண்ட தளம். ஹென்டர்சனும் அவருடைய சக சேகரிப்பாளர்களும் பதிவு செய்த ஆயிரக்கணக்கான பதிவுகள் அங்கே இலவசமாகக் கேட்கக் கிடைக்கின்றன. மார்டின் பென்னட் (1971–2005) என்ற இசைக்கலைஞர் இப்படிப்பட்ட களப்பதிவுக் குரல்களை எடுத்து நடன இசையோடு கலந்தது அவற்றின் மதிப்பைப் புது தலைமுறைக்குக் காட்டியது. பப்பில் ஒரு பாட்டைக் கேட்டுவிட்டு அதே பாட்டை ஒரு வயலோரக் கிழவியின் குரலில் கேட்டுப் பாருங்கள்.

ஆட வேண்டுமானால் கெய்லி

தனியாகப் பப்புக்குப் போகத் தயங்குபவர்களுக்கு நான் சொல்வது கெய்லி என்ற கூட்டு நடன நிகழ்ச்சி. இசைக்குழு மேடையில் வாசிக்கும், ஒருவர் மைக்கில் அடுத்த அடி என்ன என்று சொல்லிக்கொண்டே வருவார், கூடம் முழுக்க ஆடும். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் முன் நடந்து காட்டிச் சொல்லிக்கொடுப்பார்கள். ஒன்றும் தெரியாமல் போகலாம், ஜோடி இல்லாமலும் போகலாம். டாஷிங் ஒயிட் சார்ஜென்ட் என்ற ஆட்டத்துக்கு மூன்று பேர் கைகோத்தால் போதும், எதிரே இன்னொரு மூவர், ஆடி முடித்ததும் அவர்களைத் தாண்டி அடுத்த மூவரிடம். ஒரு பாட்டுக்குள் பாதிக் கூடத்துக்கு அறிமுகமாகிவிடுவீர்கள்.

ஸ்ட்ரிப் த வில்லோ கொஞ்சம் உஷார். இரண்டு நீண்ட வரிசை, நடுவில் ஜோடிகள் சுழன்றுகொண்டே போவார்கள். வியர்த்த கையைப் பிடித்தால் வழுக்கிவிடும், முழங்கையோடு முழங்கை கோத்துக்கொள்ளுங்கள். தட்டையான காலணி போடுங்கள். பட்டுச் சேலை, வேட்டி எல்லாம் பார்க்க அழகுதான், ஆனால் இந்த ஆட்டத்துக்கு வேட்டி கட்டிப் போகிறவர் பெல்ட்டையும் கட்டிக்கொண்டு போகட்டும். வெளியே குளிரடித்தாலும் உள்ளே பத்து நிமிடத்தில் வியர்க்கும், ஸ்வெட்டருக்கு அடியில் மெல்லிய சட்டை இருக்கட்டும்.

செப்டம்பரில் புது மாணவர் வாரத்தில் சங்கங்களின் அறிமுகச் சந்தை நடக்கும். அங்கே நாட்டார் இசைச் சங்கத்தையும் ஸ்காட்டிஷ் நடனச் சங்கத்தையும் தேடிப் பெயர் கொடுத்துவிடுங்கள். மாணவர் கெய்லிகள் விலை குறைவு, தவறுகளை யாரும் கண்டுகொள்வதில்லை. நவம்பர் 30 புனித ஆண்ட்ரூ நாள், ஜனவரி 25 ஸ்காட்லாந்துக் கவிஞர் ராபர்ட் பர்ன்ஸ் பிறந்த நாள், டிசம்பர் 31 ஹாக்மனே என்ற ஆண்டிறுதிக் கொண்டாட்டம். இந்த மூன்றையொட்டி ஊரெங்கும் கெய்லி. டிக்கெட் சீக்கிரம் தீர்ந்துவிடும்.

காசு கொடுத்துக் கேட்பது

இதற்கு அவசரமே இல்லை. முதல் பருவம் முழுக்கப் பப்பிலேயே கழித்தாலும் குறையில்லை. அப்புறம் கிளார்க் தெருவில் குவீன்ஸ் ஹால். பழைய தேவாலயம், 1979இல் இசையரங்கமானது. தேவாலய மர இருக்கைகள் இன்னும் இருக்கின்றன, சாய்ந்து உட்கார முடியாது. நல்ல நாட்டார் கலைஞர்கள் வரும் முதன்மை அரங்கு இதுதான். பல்கலைக்கழகத்துக்குச் சொந்தமான செயின்ட் சிசிலியாஸ் ஹால் 1763இல் கட்டியது, ஸ்காட்லாந்தில் இசைக்கென்றே கட்டிய அரங்குகளில் மூத்தது. உள்ளேயே வாத்திய அருங்காட்சியகமும் உண்டு. வசந்தத்தில், மே தொடக்கத்தை ஒட்டி, டிராட்ஃபெஸ்ட் என்ற மரபிசை விழா. மாணவர் சலுகை விலை இருக்கிறதா என்று எப்போதும் பாருங்கள்.

ஜனவரியில் கிளாஸ்கோவில் கெல்டிக் கனெக்‌ஷன்ஸ். 1994இல் தொடங்கி இரண்டு மூன்று வாரம் நடக்கிற பெரிய விழா. எடின்பரோவின் வேவர்லி நிலையத்திலிருந்து ஏறத்தாழ 50 நிமிட ரயில். கச்சேரி முடியும் நேரத்தையும் கடைசி ரயிலையும் சேர்த்துப் பார்த்துவிட்டு டிக்கெட் எடுங்கள், இல்லாவிட்டால் கடைசிப் பாட்டைக் கேட்காமல் ஓட வேண்டியிருக்கும்.

ஆகஸ்ட் வேறு கதை. ஃபிரிஞ்ச் என்ற கலை விழாவில் ஊர் நிரம்பி வழியும், பப்பில் கை நீட்ட இடமிருக்காது. செஷன் நடக்கும், கேட்கத்தான் முடியாது.

நீங்களும் வாசிப்பவர் என்றால்

முதல் சில முறை வாத்தியம் இல்லாமல் போய்க் கேளுங்கள். அப்புறம் எடுத்துப் போகும்போது பெட்டியைத் திறக்காமல் உட்கார்ந்து, செட் முடிந்ததும் நடத்துபவரிடம் "நானும் சேரலாமா?" என்று கேளுங்கள். தெரிந்த மெட்டுக்கு மட்டும் வாசியுங்கள். தெரியாததைத் துழாவி வாசிப்பதுதான் இங்கே பெரிய குற்றம்.

கர்நாடக வயலின் கற்றவர்களுக்கு விரல் வேகம் இருக்கும், ஆனால் ஸா-பா-ஸா-பா சுருதி இங்கே உதவாது. ஜி-டி-ஏ-இ என்று தந்திகளை மாற்றிக் கட்டி, ஏ ஸ்வரத்தை 440 ஹெர்ட்ஸுக்கு வைத்துக்கொண்டு போங்கள். தரையில் உட்கார்ந்து கணுக்காலில் தாங்கும் வசதி பப் நாற்காலியில் கிடைக்காது. தோளில் பிடித்துப் பழகச் சில வாரம் ஆகும், வீட்டிலேயே பழகிக்கொள்ளுங்கள். கமகத்தைக் குறைத்து வில்லில் கவனம் வையுங்கள். மிருதங்கத்தை விட்டுவிடலாம், சுருதி மாறிக்கொண்டே இருக்கும் மேசையில் அது தனியே நிற்கும். கஞ்சிரா எடுக்க ஆசையிருந்தால் முதலில் பௌரான் என்ற தோல் வட்ட வாத்தியத்தை யாராவது வாசிக்கிறார்களா என்று பாருங்கள். இருந்தால் உங்கள் முறை வரும்வரை காத்திருக்க வேண்டும். ஒரு மேசைக்கு ஒரு தோல் வாத்தியம் என்பது எழுதாத விதி. முறையாகக் கற்க விரும்பினால் ஸ்காட்ஸ் மியூசிக் குரூப் என்ற அமைப்பு பெரியவர்களுக்கு ஃபிடில், கிடார், பாட்டு வகுப்புகள் நடத்துகிறது. காதுவழியேதான் சொல்லிக்கொடுப்பார்கள், மேற்கத்திய இசைக்குறிப்பு தெரியவில்லையே என்று கவலைப்பட வேண்டாம்.

பாடுபவர்களுக்கு வழி சுலபம். ராயல் ஓக்கில் நாலு முறை முகம் தெரிந்தபின் யாராவது "உனக்கு ஒரு பாட்டு வருமா?" என்று கேட்பார்கள். அப்போது ஆங்கிலப் பாட்டு எதையும் தேடாதீர்கள். உங்கள் ஊர்ப் பாட்டு ஒன்றைப் பாடுங்கள். தாலாட்டோ, நடவுப் பாட்டோ, தெம்மாங்கோ எதுவானாலும் மூன்று நிமிடத்துக்கு மேல் வேண்டாம். பாடுமுன் யார் எங்கே பாடுவது என்று இரண்டே வாக்கியம். திரும்பத் திரும்ப வரும் அடி இருக்கிற பாட்டாகப் பாருங்கள், 'ஏலேலோ' போல ஒரு அசை கிடைத்தாலே போதும், இரண்டாவது சுற்றில் அறை பிடித்துக்கொள்ளும். போன் சுருதிப் பெட்டி வேண்டாம். சுருதியைக் கொஞ்சம் தாழ்த்தி எடுங்கள், கூடப் பாடுகிறவர்கள் மேல் ஸ்தாயிக்கு எட்ட வேண்டுமே.